சீட்டு எடுத்த 25,000 ரூபாயும் 56 சைஸ் சைக்கிளும்

கேள்வி: அண்ணா, எனக்கு வயது 27. சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 68 கிலோ. ஒரு வருஷமாக அப்பாவின் பழைய பார் வண்டியில் காலையில் அயோத்தியாப்பட்டணம் வரை போய்த் திரும்புகிறேன். பெடல் சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்று சத்தம் போடும், மற்றபடி நன்றாகத்தான் ஓடுகிறது. ஒரு ரோடு பைக் வாங்கி ஏற்காடு ஏற வேண்டும், 200 கிலோமீட்டர் பிஆர்எம் (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஒன்றை முடிக்க வேண்டும் என்று ஆசை. சீட்டு எடுத்த பணம் 25,000 இருக்கிறது, அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட முடியாது. மூன்று வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறேன். ஆன்லைனில் 14,000க்கு வளைந்த ஹேண்டில்பார் போட்ட 21 கியர் புது சைக்கிள். பெங்களூரில் ஒருவர் 22,000 சொல்லும் 2019 மாடல் அலுமினிய ரோடு பைக், ஷிமானோ கிளாரிஸ் கியர் செட், 56 சைஸ். இல்லையென்றால் கடையில் நேர் ஹேண்டில் போட்ட ஒரு புது ஹைப்ரிட் சைக்கிள். அப்பா, "இந்தக் காசுக்குப் பழைய மொபெட்டே வாங்கலாமே" என்கிறார். எதை வாங்கட்டும்?

- பெயர் வேண்டாம், சேலம்

பதில்:

தம்பி, முதல் வேலையாக அந்த பெங்களூர்க்காரருக்கு 'வேண்டாம்' என்று ஒரு மெசேஜ் போட்டுவிட்டு மீதியைப் படியுங்கள். வண்டி நல்ல வண்டியாகவே இருக்கலாம். கிளாரிஸ் செட் போட்ட அலுமினிய வண்டிக்கு அவர் சொல்லும் விலையும் அநியாயம் இல்லை. ஆனால் 56 சென்டிமீட்டர் ஃபிரேம் என்பது ஐந்தடி பத்து அங்குலத்துக்கு மேல் இருக்கிறவர் ஓட்டும் வண்டி. நீங்கள் ஐந்தடி ஐந்து.

சைக்கிளில் டயர், செயின், பிரேக், சீட் எதுவாக இருந்தாலும் கழற்றிவிட்டு வேறு போடலாம். இந்த மாசம் காசில்லை என்றால் அடுத்த மாசம் போடலாம். ஃபிரேமின் அளவை மட்டும் எந்த மெக்கானிக்காலும் மாற்ற முடியாது. சீட்டை இறக்கினால் கால் எட்டிவிடும், அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். கைதான் எட்டாது. பெரிய ஃபிரேமில் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையிலுள்ள மேல் பாரே நீளம். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மைக் குட்டையாகப் போட்டு இரண்டு மூன்று சென்டிமீட்டர் திருடலாம். அதற்கு மேல் திருடினால் ஹேண்டில் நிலைகொள்ளாமல் ஆடும்.

நானே பட்டிருக்கிறேன். 24 வயதில், அப்பாவின் வாடகை சைக்கிள் கடையில் உட்கார்ந்திருந்த காலத்தில், 58 சைஸ் ஸ்டீல் ரேசிங் சைக்கிள் ஒன்று சல்லிசாக வந்தது. என் உயரம் ஐந்தடி ஆறு. 'இந்த விலைக்கு இனி கிடைக்குமா' என்று நண்பர்கள் உசுப்பிவிட, வாங்கிவிட்டேன். ஆறு மாசம் ஓட்டினேன். அம்பது கிலோமீட்டர் தாண்டினால் இரண்டு கையிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். எட்டிப் பிடித்துப் பிடித்து உடம்பின் எடை முழுக்க உள்ளங்கையின் ஓரத்தில் விழுந்தால் அங்கே ஓடும் நரம்பு நசுங்குகிறது, அவ்வளவுதான் விஷயம். அது தெரியாமல் கிளவுஸ் மாற்றினேன், ஹேண்டில் டேப்பை இரண்டு சுற்றாகச் சுற்றினேன். கடைசியில் வாங்கின விலைக்குப் பாதியில், உயரமான ஒரு காலேஜ் பையனிடம் தள்ளிவிட்டேன். அவனுக்கு அது தேவாமிர்தமாக ஓடியது.

உங்கள் அளவை வீட்டிலேயே எடுத்துவிடலாம். செருப்பில்லாமல் சுவரில் முதுகு சாய்த்து நில்லுங்கள். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றின் முதுகு மேலே வரும்படி, சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அந்த அளவுக்குக் கவட்டில் அழுத்திப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அப்பாவை டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். உங்கள் உயரத்துக்கு 75, 76 சென்டிமீட்டர் வரலாம். 76 என்று வைத்தால், 0.67ஆல் பெருக்க 51 வருகிறது. சாதா ரோடு ஃபிரேமில் அதுதான் சீட்டுக்குக் கீழே நிற்கும் குழாயின் (சீட் டியூப்) உத்தேச அளவு. நீங்கள் தேட வேண்டியது 50, 51, 52. சில கம்பெனிகள் நம்பர் போடாமல் எஸ், எம் என்று போடும். அங்கே உங்களுக்கு எஸ். அதே 76ஐ 0.883ஆல் பெருக்கினால் 67. பெடல் மாட்டும் கிராங்க் சுற்றுகிற அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பாகம் வரை 67 சென்டிமீட்டர் வைத்து ஓட்டத் தொடங்கலாம். இது பழைய கணக்கு, அரை சென்டிமீட்டர் முன்னே பின்னே போகும். முதல் மாசம் இது போதும்.

சரி, அந்த 14,000 ரூபாய் புது சைக்கிள்.

படத்தில் பார்த்தால் ரேஸ் வண்டி மாதிரியேதான் இருக்கும். 21 கியர் என்பதில் மயங்க வேண்டாம். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, பெருக்கினால் 21. அதில் பாதிக்கு மேல் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட சமமான கியர்கள். எனக்கு அதில் பயம் பின்சக்கரத்தின் நடுவில்தான். இந்த விலை வண்டிகளில் பெரும்பாலும் ஹப்பின் மேல் மரை போட்டுத் திருகும் பழைய மாதிரி ஃபிரீவீல்தான் இருக்கும். ஏழு பல்சக்கரம் கொண்ட ஃபிரீவீலைத் திருகினால், செயின் பக்கத்து பால்ரஸ் உள்ளே தள்ளிப் போய்விடும். அச்சின் ஒரு முனை தாங்கல் இல்லாமல் நீளமாக வெளியே நிற்கும். நம்ம ஊர்ப் பள்ளத்தில் நாலு மாசம் இறங்கி ஏறினால் அச்சு வளையும், அப்புறம் ஒருநாள் உடையும். என் கடைக்கு வருஷத்துக்கு ஏழெட்டு அச்சு இப்படி வருகிறது. பல்சக்கரங்களைக் கொத்தாகச் செருகும் கேசட் மாதிரி ஹப்பில் அந்தப் பக்கத்து பால்ரஸ் ஃபிரேமை ஒட்டியே உட்கார்ந்திருப்பதால் இந்தத் தொல்லை அபூர்வம்.

அந்த வண்டியில் டிஸ்க் பிரேக் இருந்தால் அதுவும் இதே கதைதான். கேபிள் இழுக்கும் மலிவு டிஸ்க், படத்துக்கு அழகு. நல்ல ரப்பர் போட்ட சாதாரண ரிம் பிரேக் அதைவிட நன்றாகப் பிடிக்கும், சேலத்தில் எந்தக் கடையிலும் சரிசெய்யவும் முடியும்.

எடையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் நண்பர்கள் கட்டாயம் சொல்வார்கள். கிளாரிஸ் போட்ட அலுமினிய வண்டி 10, 11 கிலோ இருக்கும். 14,000 ரூபாய் வண்டி 15, 16. ஐந்து கிலோ கூடுதல் என்றால் ஏற்காடு ஏற எவ்வளவு நேரம் கூடும்? நீங்களும் வண்டியும் தண்ணி பாட்டிலும் சேர்ந்து 80 கிலோவுக்கு மேல். அதில் ஐந்து கிலோ ஆறு சதவீதம். இரண்டு மணி நேர ஏற்றத்தில் ஏழெட்டு நிமிஷம் கூடும். ஒரு டீ குடிக்கிற நேரம். அதற்காக யாரும் காசைக் கொட்ட வேண்டாம்.

ஏற்காட்டுக்கு முக்கியமானது கடைசிக் கியர். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, சுமார் இருபது கிலோமீட்டர், ஏரி இருப்பது 1,300 மீட்டருக்கு மேல் உயரத்தில். செகண்ட் ஹேண்டில் வரும் பழைய ரேஸ் வண்டிகளில் முன்னால் 53, 39 பல், பின்னால் 11லிருந்து 25 வரை இருக்கும். மிக லேசான கியரில் (39க்கு 25) ஒரு மிதிக்கு வண்டி 3.3 மீட்டர் போகும். நிமிஷத்துக்கு 60 மிதி என்றால் மணிக்கு 12 கிலோமீட்டர். அதாவது மலையில் 12க்குக் கீழே வேகம் குறைந்தால் மிதிக்க முடியாமல் முட்டியால் அழுத்த வேண்டிவரும். முன்னால் 50, 34 போட்ட 'காம்பாக்ட்' செட்டும் பின்னால் 28 பல்லும் இருந்தால் அதே 60 மிதிக்கு 9.3 கிலோமீட்டர். 32 பல் இருந்தால் 8 சொச்சம். முதல்முறை ஏறுகிறவருக்கு இந்த 12க்கும் 9க்கும் உள்ள வித்தியாசம்தான் பத்தாவது வளைவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதா, ஓட்டுவதா என்பது. விற்கிறவரிடம் முன் பல்சக்கரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை பல் என்பதை அதிலேயே பொறித்திருப்பார்கள்.

ஆக, என் கணக்கில் நீங்கள் வாங்க வேண்டியது செகண்ட் ஹேண்ட் வண்டி. 50லிருந்து 52க்குள் சைஸ், அலுமினியம் அல்லது ஸ்டீல் ஃபிரேம், 50-34 காம்பாக்ட், பின்னால் எட்டு அல்லது ஒன்பது பல்சக்கரம். ஷிமானோவில் எட்டு போட்டது கிளாரிஸ், ஒன்பது போட்டது சோரா. அதற்கு மேலே டியாக்ரா, 105 எல்லாம் நல்ல பொருள்தான், ஆனால் செயினும் கேசட்டும் தேயும்போது விலை தெரியும். எட்டு கியர் செயின் எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. இந்த பட்ஜெட்டில் யாராவது கார்பன் ஃபிரேம் தருகிறேன் என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். கார்பனில் உள்ளே விழுந்த விரிசல் வெளியே தெரியாது.

புதுசாகவே வாங்க ஆசை இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22லிருந்து சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பில்லில் அதைப் பாருங்கள். அப்படிக் குறைந்தும் கிளாரிஸ் போட்ட புது அலுமினிய ரோடு பைக் 25,000க்குள் வராது.

எங்கே தேடுவது? 2020, 21 லாக்டவுனில் ஜிம் எல்லாம் மூடிக் கிடந்தபோது ஊரே சைக்கிள் வாங்கியது. அதில் நிறைய வண்டிகள் இன்று பால்கனியில் துணி காயப்போடத்தான் பயன்படுகின்றன. கோயம்புத்தூர், சென்னை, பெங்களூர், திருச்சி எல்லா ஊரிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டமாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் 'ஐந்தடி ஐந்து, 51 சைஸ், 17,000க்குள்' என்று எழுதிப் போடுங்கள். ஒரு வண்டி கைக்கு வர இரண்டு மூன்று மாசம் ஆகலாம். பிசாசு மாதிரி அவசரப்பட்டால் என்னுடைய 58 சைஸ் கதைதான். 'ராணுவத்தில் இருக்கிறேன், டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது, அட்வான்ஸ் மட்டும் அனுப்புங்கள், வண்டியை பார்சலில் போட்டுவிடுகிறேன்' என்று யாராவது சொன்னால் அந்த நம்பரை பிளாக் செய்யுங்கள். வண்டியைக் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். சேலத்திலிருந்து கோயம்புத்தூர் போய் வரும் செலவு, கூட ஒரு சாப்பாடு, அவ்வளவுதான்.

போகும்போது ஒரு ஸ்டீல் டேப், ஆலன் கீ செட், ஒரு பழைய துணி எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் துணியால் வண்டியைத் துடையுங்கள். அழுக்குக்குக் கீழேதான் எல்லாம் ஒளிந்திருக்கும். ஹேண்டிலுக்குக் கீழே ஃபிரேமின் முன் கழுத்தும் கீழ் பாரும் சேரும் இடத்தில் விரல் நகத்தை வைத்து மெதுவாக இழுங்கள். முன்சக்கரம் எதிலாவது மோதிய வண்டி என்றால் அந்த இடத்தில் பெயின்ட் சின்ன சின்னதாகச் சுருங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் நகத்துக்குத் தட்டும். வெல்டிங் ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு இருந்தால் விலையே பேச வேண்டாம்.

அடுத்து சீட் கிளாம்பைத் தளர்த்தி, சீட்டைத் தாங்கும் கம்பியை (சீட் போஸ்ட்) உருவிப் பாருங்கள். வருஷக்கணக்கில் கிரீஸ் இல்லாமல், வியர்வையும் மழைத் தண்ணியும் இறங்கி, அலுமினியம் ஃபிரேமோடு ஒட்டிக்கொண்டிருக்கும். 'கொஞ்சம் டைட்டாக இருக்கும், தட்டினால் வரும்' என்பார்கள். வராது. அப்படி ஒரு போஸ்டை எடுக்க என் கடையில் ஒரு பகல் முழுக்கப் போயிருக்கிறது, கடைசியில் அறுத்துத்தான் எடுத்தோம்.

செயினுக்கு ஸ்டீல் டேப். டேப் முனையிலுள்ள கொக்கி ஆடும், அதனால் 1 அங்குலக் கோட்டை ஒரு பின்னின் நடுவில் வைத்து 13ஆவது அங்குலத்தைப் பாருங்கள். சரியாக இன்னொரு பின்னின் நடுவில் விழுந்தால் செயின் நல்ல செயின். பின் அரைக்கால் அங்குலம், அதாவது 1/8 தள்ளி நின்றால் செயினோடு கேசட்டும் போய்விட்டது, அந்தச் செலவை விலையில் குறையுங்கள். அதில் பாதி தள்ளியிருந்தால் செயின் மட்டும் மாற்றினால் போதும்.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் ரப்பருக்கும் ரிம்முக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். கொஞ்சம் ஆடினால் கோட்டம் எடுத்துக்கொள்ளலாம், நூறு இருநூறு ரூபாய் வேலை. ரிம்மின் பக்கச் சுவரைக் கட்டைவிரலால் தடவுங்கள். குழிந்து பள்ளமாக இருந்தால் அந்த ரிம்மின் ஆயுசு முடிந்துவிட்டது. ஏற்காடு இறக்கத்தில் அது பிளந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ரோடு பைக்கில் பிரேக் லீவரைப் பக்கவாட்டில் தள்ளினால் கியர் மாறும். அதைத் தள்ளிப் பாருங்கள். 'கிளிக்' சத்தமே இல்லாமல் லீவர் சும்மா போய் வந்தால், உள்ளே இருக்கும் கிரீஸ் கெட்டியாகி, பல்லைக் கவ்வும் கொக்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பால்கனி வண்டிகளில் இது ரொம்ப சகஜம். பல சமயம் உள்ளே நன்றாகக் கழுவி, லேசான எண்ணெய் விட்டு நூறு தடவை தள்ளினால் உயிர் வந்துவிடும். ஆனால் வராமலும் போகலாம், புது லீவர் ஜோடி வாங்கினால் உங்கள் பட்ஜெட் கவிழ்ந்துவிடும். அதனால் விலை பேசும்போது அது செத்துப்போனதாகவே வைத்துப் பேசுங்கள். அப்புறம் உயிர் வந்தால் உங்கள் லாபம். (நான் இப்படி வாங்கிய வண்டிகள் நாலைந்து உண்டு. விற்றவர்கள் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.)

கடைசியாக வண்டியைக் கவிழ்த்து, கிராங்க் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் ஃபிரேம் நம்பரைப் பில்லோடு ஒத்துப் பாருங்கள். பில் இல்லையென்றால் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அவருடைய அடையாள அட்டை நகலும் வாங்குங்கள். நம்பரைச் சுரண்டியிருந்தால் அது திருட்டு வண்டி.

பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்டால், வண்டிக்கு 17,000க்கு மேல் கொடுக்காதீர்கள். 25,000மும் அதற்கே போய்விட்டால் வாங்கிய மறுநாளே டயருக்குக் கடன் கேட்பீர்கள். நின்றுபோன வண்டியில் ரப்பர் எல்லாம் வெடித்திருக்கும். 28 மில்லிமீட்டர் டயர் இரண்டும் டியூப் நாலும் 3,000. பிரேக் ரப்பர், கேபிள், பிரித்து மாட்டும் கூலி 1,500. ஹெல்மெட் 1,500. முன்னும் பின்னும் லைட் 1,200. காற்றுப் பம்பு, பங்க்சர் சாமான் 800. சரியாகப் போய்விட்டதா?

டியூப் ஏன் நாலு என்று நினைப்பீர்கள். உங்கள் அப்பாவின் வண்டி டயரில் 28 x 1½ என்று போட்டிருக்கும். அந்த ரிம்மின் அளவு 635 மில்லிமீட்டர். ரோடு பைக் ரிம் 622. பெயரைக் கேட்டால் இரண்டும் ஒன்று மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றின் டயர் இன்னொன்றில் உட்காராது. அயோத்தியாப்பட்டணத்து பங்க்சர் கடையில் ரோடு பைக்குக்கான 700 சைஸ் டியூப் கேட்டால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். வால்வும் வேறு. நம்ம சைக்கிளில் வால்டியூப் போட்ட வால்வு, ரோடு பைக்கில் பெரும்பாலும் மெல்லிசான பிரெஸ்டா வால்வு. பெட்ரோல் பங்க் காற்றுக் குழாய் அதில் மாட்டாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கி வால்விலேயே திருகி விட்டுவிடுங்கள். உங்கள் எடைக்கு 28 டயரில் 75, 80 பவுண்டு காற்று போதும். டயர் பக்கத்தில் 110 என்று அச்சடித்திருந்தால் அது உச்ச வரம்பு. அதைப் பார்த்து 110 அடித்துவிட்டு இடுப்பு வலிக்கிறது என்று எழுதுகிறவர்கள் வாரத்துக்கு ஒருவர்.

பிஆர்எம்முக்கு ரோடு பைக்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. அப்படி விதி எதுவும் இல்லை. 200 கிலோமீட்டருக்கு 13½ மணி நேரம். நிற்பது, சாப்பிடுவது எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான வேகம் இருந்தால் முடிந்துவிடும். லைட்டும் ஹெல்மெட்டும் ஒளி பட்டால் மின்னும் வெஸ்ட்டும் கட்டாயம் எடுத்துப் போங்கள். அதனால் மூன்று மாசம் தேடியும் உங்கள் சைஸில் ஒன்றும் அமையவில்லை என்றால், மூன்றாவது வழியான ஹைப்ரிட்டுக்குப் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரே நிபந்தனை, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கில் ஸ்பிரிங் வேண்டாம். மலிவு ஸ்பிரிங் இரண்டு கிலோ இரும்பு, ஏறும்போது உங்கள் மிதியைத் தின்னும். சாதா போர்க், 700 சைஸ் சக்கரம், 35 டயர். நேர் ஹேண்டிலில் கை வைக்க ஒரே இடம்தான், எதிர்க்காற்றில் கொஞ்சம் அவஸ்தை. இருந்தாலும் சைஸ் பொருந்தாத ரோடு பைக்கில் 200 கிலோமீட்டர் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது? அவர் கேட்பதில் தப்பில்லை. வேலைக்குப் போய்வர வண்டி இல்லையென்றால் நானும் மொபெட்தான் சொல்வேன். ஆனால் உங்களுக்குப் போக்குவரத்துப் பிரச்சினை இல்லை, ஏற்காடு பிரச்சினை. அளவு எடுக்க டேப் பிடிக்கக் கூப்பிட்டு, வண்டி பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். பார் வண்டியை இத்தனை வருஷம் கழற்றி மாட்டினவர், ஹப்பில் ஆட்டம் இருந்தால் உங்களுக்கு முன்னால் அவர் கைக்குத் தெரியும். விலை பேசுவதிலும் உங்களைவிட அவர் கெட்டிக்காரராகத்தான் இருப்பார்.

புது வண்டி வரும் வரை பார் வண்டியை நிறுத்திவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை முப்பது கிலோமீட்டர், அப்புறம் நாற்பது, அம்பது என்று கூட்டிக்கொண்டே போங்கள். இருபது கிலோ எடையுள்ள வண்டியில் அம்பது ஓட்டிய காலுக்கு எந்த ரோடு பைக்கும் லேசாகத்தான் இருக்கும்.

அந்த 'டக்' சத்தம்: ஒவ்வொரு சுற்றிலும் பெடல் ஒரே இடத்துக்கு வரும்போது கேட்டால், பெரும்பாலும் கிராங்கை அச்சோடு இறுக்கும் காட்டர் பின் தேய்ந்திருக்கும். இருபது முப்பது ரூபாய் சாமான். ஓட்டிக்கொண்டே இருந்தால் கிராங்கின் ஓட்டை பெரிசாகி, அப்புறம் கிராங்கையே மாற்ற வேண்டிவரும், அதனால் இந்த வாரமே போட்டுவிடுங்கள். கடைக்காரர் புதுப் பின்னைச் சுத்தியலால் அடித்து ஏற்றும்போது, கிராங்குக்கு அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடி முழுக்க உள்ளே இருக்கும் பால்ரஸில் இறங்கும்.